காருக்கு அடியில் ஒரு வினையூக்கி: திருடு போனால் காப்புறுதி கைகொடுக்குமா?

கம்போங் குவாந்தானுக்கு மின்மினிப் பூச்சிகளைப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? இருட்டிய பிறகு சிலாங்கூர் ஆற்றில் சம்பானில் ஏறி உட்கார்ந்தால், துடுப்பு தண்ணீரைத் தொடும் ஓசை மட்டும்தான் கேட்கும். அங்கு இயந்திரப் படகு கிடையாது. துடுப்புப் போட்டுத்தான் அழைத்துப் போவார்கள். கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் ஒரே தாளத்தில் மின்னும்.

ஒரு பள்ளி விடுமுறையில், கிள்ளானிலிருந்து வந்த உறவினர்களை அங்கே அழைத்துப் போனோம். அன்றிரவு எல்லாரும் புக்கிட் ரோத்தானில் உள்ள மாமா வீட்டில் தங்கினோம். வாசலில் விருந்தினர் வண்டிகள் நின்றதால், மாமா தம்முடைய காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அவர் காரை ஸ்டார்ட் செய்ததும் பக்கத்து வீட்டு நாய்கள் எழுந்து ஓடின. தோட்டத்து டிராக்டரைப் போல ஓர் உறுமல்!

தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து குனிந்து பார்த்தார். "கேட்டலிட்டிக்கை அறுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க அண்ணே" என்றார். காரின் அடியில், புகைக்குழாயின் நடுவே ஓர் இடைவெளி. இரண்டு பக்கமும் பளபளப்பாக அறுபட்ட விளிம்புகள்.

மாமா என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, நீ சயன்ஸ் டீச்சர்தானே? ரேடியோ இருக்கு, நாலு டயரும் இருக்கு. இந்தத் துருப்பிடிச்ச டப்பாவை எதுக்குத் திருடறான்? இதுக்கு இன்சூரன்ஸ் கொடுப்பானா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்குப் பதில் தேடியபோதுதான், மாமாவைப் போலவே நானும் என் பாலிசியை ஒரு முறைகூடப் படித்ததில்லை என்பது தெரிந்தது. இரண்டு பதில்களையும் இங்கே சொல்கிறேன்.

மின்மினியும் காரும்

இடைநிலைப்பள்ளி வேதியியலில் 'மங்கின்' என்று ஒரு பாடம் வரும். தமிழில் அதை வினையூக்கி என்கிறோம். ஒரு வேதிவினையை விரைவுபடுத்திவிட்டு, வினை முடிந்ததும் தான் செலவாகாமல் அப்படியே நிற்கும் பொருள்தான் வினையூக்கி. சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் 1835இல் இந்தச் செயலுக்குப் பெயர் சூட்டினார்.

நீங்கள் கம்போங் குவாந்தானில் பார்க்கும் வெளிச்சமும் வினையூக்கியின் வேலைதான். மின்மினியின் அடிவயிற்றில் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனுடன் சேர்ந்து ஒளியை வெளியிடுகிறது. அந்த வினையை நடத்தி வைப்பது லூசிஃபெரேஸ் என்ற நொதி. நொதி என்பது உயிருக்குள் வேலை செய்யும் வினையூக்கி.

உங்கள் காருக்கு அடியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இதே விதியில்தான் இயங்குகிறது. எஞ்சினிலிருந்து வரும் புகையில் மூன்று தீய பொருள்கள் உண்டு: கார்பன் மோனாக்சைடு, முழுதாக எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள். புகை இந்தப் பெட்டிக்குள் நுழைந்து வெளியேறும் நொடியில், கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாத பெட்ரோல், கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் ஆகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் பிரிந்து, நாம் சுவாசிக்கும் காற்றில் உள்ள சாதாரண நைட்ரஜனாக மாறுகின்றன. மூன்று வேலைகளையும் ஒரே பெட்டி செய்வதால் இதற்கு மும்முனை வினையூக்கி என்றும் பெயர்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வெளியே துருப்பிடித்த உலோக உறை. உள்ளே தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. அதில் நெடுகிலும் மெல்லிய துளைகள். ஒரு சதுர அங்குலத்தில் 400 துளைகள் இருப்பது சாதாரணம். துளைகளின் சுவரில் அலுமினியம் ஆக்சைடு பூச்சு. அந்தப் பூச்சு கடற்பஞ்சைப் போல நுண்துளைகள் நிறைந்தது. அதன் பரப்பு முழுவதையும் விரித்துப் போட்டால் ஒரு காற்பந்துத் திடலைவிடப் பெரிதாக இருக்கும்.

அந்தப் பரப்பின்மேல் தூவப்பட்டிருப்பவைதான் திருடனை இழுக்கும் பொருள்கள்: பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். மூன்றும் விலையுயர்ந்த உலோகங்கள். பிளாட்டினமும் பல்லேடியமும் கார்பன் மோனாக்சைடையும் பெட்ரோல் ஆவியையும் கவனித்துக்கொள்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரிப்பதில் ரோடியம் கெட்டிக்காரன். ஒரு காரில் இவை எல்லாம் சேர்ந்து சில கிராம்தான் இருக்கும்.

வாகனப் புகைக்கு இப்படி ஒரு கருவி வேண்டும் என்று 1950களில் முனைந்தவர் யூஜீன் ஊட்ரி. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த பொறியியலாளர் அவர். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் புகைமூட்டம் அவரை இதில் இறக்கியது. ஆனால் அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் வினையூக்கியின் மேற்பரப்பை மூடி அதைச் செயலிழக்கச் செய்துவிடும். ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பிறகே, 1975ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமெரிக்கக் கார்களில் இது பரவலானது. உலகில் கடைசியாக ஈயப் பெட்ரோல் விற்ற நாடு அல்ஜீரியா. அங்கும் 2021இல் அது நின்றது.

இப்போது மாமாவின் முதல் கேள்விக்கு வருவோம். வினையூக்கி செலவாகாது என்று சொன்னேன் அல்லவா? எட்டு வருடம் ஓடிய காரின் டயர் தேய்ந்திருக்கும், பேட்டரி செத்திருக்கும். ஆனால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரோடியத்தில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும். உருக்கிப் பிரித்தெடுத்தால் அது புது ரோடியம்தான். பழைய காரில் பழையதாகாத பொருள் அது ஒன்றுதான். அதனால்தான் திருடன் ரேடியோவை விட்டுவிட்டு டப்பாவைத் தேடுகிறான்.

தங்கத்தை மிஞ்சிய உலோகம்

உலகின் ரோடியத்தில் மிகப் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. பல நாடுகள் வாகனப் புகை விதிகளை இறுக்கியதும் தேவை கூடியது. சுரங்கங்கள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 2021 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் ரோடியத்தின் விலை ஏறக்குறைய 29,000 அமெரிக்க டாலரைத் தொட்டது. அப்போதைய தங்க விலையைவிட அது 15 மடங்குக்கும் மேல். பின்னர் 2023இல் 5,000 டாலருக்குக் கீழே இறங்கியது.

விலை ஏறும்போது வாளும் கிளம்பிவிடுகிறது. அமெரிக்காவில் காப்புறுதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் தேசிய அமைப்பு, 2018இல் 1,298 கன்வெர்ட்டர் திருட்டுகளைப் பதிவு செய்தது. 2020இல் அந்த எண்ணிக்கை 14,433. பேட்டரியில் ஓடும் ஒரு கைவாள் இருந்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். தரையிலிருந்து உயரமாக நிற்கும் நான்கு சக்கர இயக்க வண்டிகள், பிக்அப், வேன் ஆகியவற்றின் அடியில் நுழைவது எளிது. கலப்பின எஞ்சின் கார்களையும் அங்கே அதிகம் குறிவைத்தார்கள்.

ஆனால் அறுப்பவனுக்கு ரோடியத்தைப் பிரித்தெடுக்கத் தெரியாது. வாங்க ஒருவன் இருந்தால்தான் அவன் அறுப்பான். 2022 நவம்பரில் அமெரிக்க நீதித்துறை ஐந்து மாநிலங்களில் 21 பேர்மீது குற்றம் சாட்டியபோது, குறி வைத்தது பெரும்பாலும் அந்த வாங்கும் கூட்டத்தைத்தான். அவர்களிடமிருந்து 54 கோடியே 50 லட்சம் டாலரைப் பறிமுதல் செய்ய அரசு கேட்டது. ஒவ்வொரு டப்பாவாகச் சேர்ந்த தொகை அது.

நம் நாட்டுச் சட்டமும் இதை அற்பத் திருட்டாகப் பார்க்கவில்லை. தண்டனைச் சட்டத்தின் 379ஏ பிரிவு, வாகனத்தைத் திருடுவதையும் வாகனத்தின் ஒரு பாகத்தைத் திருடுவதையும் ஒன்றாகவே வைக்கிறது. குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழாண்டு சிறை, அபராதமும் உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது 411ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ரசீது இல்லாத பழைய கன்வெர்ட்டரை வாங்குகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அது இல்லாமல் ஓட்டினால் என்ன?

திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்று மாமா அவசரப்பட்டார். ஒரு சிறு பட்டறையில் இடைவெளியில் வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்தார்கள். சத்தம் குறைந்தது, செலவும் குறைவு. "கார் முன்னைவிட நல்லாவே ஓடுது" என்று அவர் மகிழ்ந்தார்.

கார் ஓடும், அதில்தான் ஆபத்து இருக்கிறது. கன்வெர்ட்டர் இருந்தபோது பெரும்பாலும் அழிந்துபோன கார்பன் மோனாக்சைடு இப்போது முழுதாக வெளியே வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் விருப்பத்துடன் இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பற்றவைத்த இடத்தில் சிறு கசிவு இருந்தாலும், அது இருப்பது உங்கள் இருக்கைக்கு நேர் கீழே. ஜன்னலை மூடிக்கொண்டு, குளிர்சாதனத்தை ஓடவிட்டு, காருக்குள் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கன்வெர்ட்டர் அறுபட்ட காரில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். தலைவலி, தலைசுற்றல், வாந்தி உணர்வு வந்தால் உடனே வெளியே இறங்குங்கள்.

இன்னொன்று: கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் உணரிகள் இருக்கும். பின்னால் உள்ள உணரி, தன்னை அடையும் புகை சுத்தமாக இல்லை என்று எஞ்சின் கணினிக்குச் சொல்லும். முகப்பில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரியும். விளக்கை அணைப்பதற்காகச் சிலர் கணினியை ஏமாற்றிக் கொடுப்பார்கள். அதற்கு ஒப்பாதீர்கள். பெட்ரோல் எஞ்சின் புகைக்கு 1996ஆம் ஆண்டிலேயே சுற்றுச்சூழல் விதிகள் வந்துவிட்டன. உங்கள் புகையைச் சுவாசிப்பவர்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற உங்கள் ஊர்க்காரர்கள்தான்.

முதல் 24 மணி நேரம்

மாமா செய்த பெரிய தவறு வேறு. குழாயைப் பற்றவைத்தபோது, அறுபட்ட முனைகளைப் பட்டறையில் வெட்டி எறிந்துவிட்டார்கள். ஒரு படம்கூட எடுக்கவில்லை. நான்காம் நாள்தான் போலீஸ் புகார் செய்தார். பிறகு காப்புறுதி நிறுவனத்தை அழைத்தார். "திருடப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று அவர்கள் கேட்டபோது, காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. அவர்கள் கேட்டதில் தவறும் இல்லை. தேய்மானத்துக்கும் துருவுக்கும் காப்புறுதி பணம் தராது; திருட்டுக்குத்தான் தரும். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது நம் பொறுப்பு.

இங்கே அறிவியல் உங்களுக்கு உதவும். துருப்பிடித்து உடைந்த குழாயின் விளிம்பு ஒழுங்கற்றதாய், செதில் செதிலாய், பழுப்பாய் இருக்கும். வாளால் அறுத்த விளிம்பு நேராய், பளபளப்பாய், வாள்பற்கள் விட்ட இணைகோடுகளோடு இருக்கும். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் புதிதாய் வெட்டுப்பட்ட இரும்பு வெகுநேரம் பளபளக்காது. அதனால் படத்தை உடனே எடுக்க வேண்டும். செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: காரை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். கார் நிற்கும் இடம், பதிவு எண் தெரிய ஒரு படம், அடியில் அறுபட்ட இரு முனைகள், தரையில் கிடக்கும் இரும்புத்தூள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தால் போதும்.

இரண்டு: அன்றைக்கே போலீஸ் நிலையம் போங்கள். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. திருட்டுக்கும் அதே 24 மணி நேரத்தை மனத்தில் வையுங்கள். காரைக் கடைசியாக நல்ல நிலையில் பார்த்த நேரம், திருட்டைக் கண்ட நேரம், இடம், காணாமற்போன பாகம் ஆகிய நான்கும் புகாரில் இருக்க வேண்டும். 'புகைக்குழாய் பழுது' என்று எழுதினால் அது பழுது. 'அறுத்துத் திருடப்பட்டது' என்று எழுதினால்தான் அது திருட்டு. கையெழுத்திடுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மூன்று: காப்புறுதி அல்லது தக்காபுல் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். பல பாலிசிகளில் 7 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கும். அந்தக் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். காரை இழுத்துச் செல்லும் வசதி உங்கள் பாலிசியில் உண்டா என்று கேளுங்கள். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு: அவர்கள் அனுமதி தருமுன் எதையும் பழுதுபார்க்காதீர்கள். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்குத்தான் கார் போக வேண்டும். சேதத்தை மதிப்பிட ஒரு அட்ஜஸ்டர் வரக்கூடும். அறுபட்ட முனைகள் அவர் பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும்.

ஐந்து: ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள். கோரிக்கைப் படிவம், போலீஸ் புகாரின் நகல், அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், காரின் கெரான், பாலிசி. கடைசியாக சர்வீஸ் செய்த ரசீது இருந்தால் அதையும் சேருங்கள். அந்த நாளில் கன்வெர்ட்டர் காரில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது?

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால், உங்கள் காருக்கு எதுவும் கிடைக்காது. அது பிறருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கு மட்டும். 'மூன்றாம் தரப்பு, தீ, திருட்டு' வகையிலும் முழுமைக் காப்புறுதியிலும் 'திருட்டு' என்ற சொல் இருக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடாதீர்கள். 'விலக்குகள்' என்ற பகுதியைப் படியுங்கள். வாகனமே திருடப்பட்டால்தான் பாகத்துக்கும் இழப்பீடு என்ற வரி உங்கள் பாலிசியில் இருக்கிறதா? நீங்களே பிறகு பொருத்திய ஸ்போர்ட் ரிம், ஒலிபெருக்கி முதலியவை அறிவிக்கப்பட்டிருக்கின்றனவா? தொழிற்சாலையிலிருந்தே வரும் பாகங்களுக்கும் பிறகு பொருத்தியவற்றுக்கும் விதி வேறு. கன்வெர்ட்டர் முதல் வகை.

காப்புறுதித் தொகையையும் பாருங்கள். சந்தை மதிப்பைவிட மிகக் குறைவான தொகைக்குக் காப்புறுதி எடுத்து பிரீமியத்தை மிச்சப்படுத்தியிருந்தால், இழப்பீடும் அதே விகிதத்தில் வெட்டுப்படலாம்.

சந்தேகம் இருந்தால், புதுப்பிக்கும் நேரத்தில் முகவரிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: "காரை விட்டுவிட்டு கன்வெர்ட்டரை மட்டும் திருடினால் என் பாலிசி பணம் தருமா?" பதில் எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல் கோரிக்கை நேரத்தில் காணாமற்போய்விடும்.

கோருவதா, வேண்டாமா? ஒரு கணக்கு

பணம் கிடைக்கும் என்று தெரிந்தாலும் உடனே கோரிக்கை வைக்காதீர்கள். முதலில் ஒரு பென்சிலை எடுங்கள்.

தனியார் கார்களுக்குக் கோரிக்கையில்லாக் கழிவு, அதாவது என்.சி.டி., படிப்படியாக ஏறும்: 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு. ஐந்தாண்டு கோரிக்கை இல்லாமல் ஓட்டியவருக்கு 55. திருட்டில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் உங்கள் சொந்தப் பாலிசியில் கோரிக்கை வைத்தால் கழிவு சுழியத்துக்கு இறங்கிவிடும்.

கழிவுக்கு முந்தைய பிரீமியம் ஆண்டுக்கு 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சேவை வரியை விட்டுவிடுவோம். 55 விழுக்காட்டுக் கழிவில் நீங்கள் கட்டுவது 540 வெள்ளி. கோரிக்கைக்குப் பிறகு முதல் ஆண்டு 1,200, அடுத்து 900, பிறகு 840, 740, 660 என்று கட்டி, ஆறாம் ஆண்டில்தான் மீண்டும் 540க்கு வருவீர்கள். ஒவ்வோர் ஆண்டும் கூடுதலாகக் கட்டியது 660, 360, 300, 200, 120. கூட்டினால் 1,640 வெள்ளி.

அடுத்து 'பெட்டர்மென்ட்'. பழைய காருக்குப் புதிய பாகம் போட்டால், காரின் மதிப்பு கூடுகிறது என்பது நிறுவனங்களின் வாதம். அந்தக் கூடுதலில் ஒரு பங்கை உரிமையாளர் கட்ட வேண்டும். பரவலாகப் பின்பற்றும் அட்டவணைப்படி 5 வயதுக் காருக்கு 15 விழுக்காடு. அதன்பின் ஆண்டுக்கு 5 கூடி, 8 வயதில் 30, பத்தும் அதற்கு மேலும் 40. கன்வெர்ட்டர் விஷயத்தில் எனக்கு இது வேடிக்கையாகப் படுவதுண்டு. உள்ளிருக்கும் ரோடியம் பழையதாகாது. ஆனால் அட்டவணை காரின் வயதைத்தான் பார்க்கும்.

மாமாவின் காருக்கு வயது எட்டு. புதிய கன்வெர்ட்டருக்கு 3,000 வெள்ளி என்றால், 900 வெள்ளி அவர் பங்கு. நிறுவனம் தருவது 2,100. அதிலிருந்து இழக்கும் கழிவு 1,640ஐக் கழித்தால் மிஞ்சுவது 460. பாகத்தின் விலை 2,000 வெள்ளிதான் என்றால், நிறுவனம் தருவது 1,400. அதாவது 240 வெள்ளி நட்டம்! இந்த எடுத்துக்காட்டில் ஏறக்குறைய 2,340 வெள்ளிக்கு மேல் பில் வந்தால்தான் கோரிக்கை இலாபம். உங்கள் பிரீமியம், கழிவு, காரின் வயது ஆகியவற்றைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். கழிவு 25 விழுக்காட்டில் இருக்கும் புதிய ஓட்டுநருக்கு விடை வேறாக வரும். அவர் இழப்பது குறைவு.

2017 ஜூலை முதல் நிறுவனங்கள் பிரீமியத்தைத் தாங்களே கணிக்கின்றன. எனவே கோரிக்கை வரலாறு அடுத்த ஆண்டு விலையையும் பாதிக்கலாம். கழிவை இழந்தால் ஈடுகட்டும் கூடுதல் பாதுகாப்பைச் சில நிறுவனங்கள் விற்கின்றன. கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்தவர்களுக்குக் கண்ணாடிக் கோரிக்கை கழிவைத் தொடாது. கன்வெர்ட்டருக்கு அந்தச் சலுகை இல்லை.

கோரிக்கை வைக்காவிட்டாலும் போலீஸ் புகாரைத் தவிர்க்காதீர்கள். எந்தச் சாலையில், எந்த வகைக் காரில் திருட்டு நடக்கிறது என்பது புகார்கள் வழியேதான் தெரியவரும்.

மறுத்துவிட்டால்?

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். இறுதி முடிவும் நியாயமாகத் தோன்றவில்லை என்றால், ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்.ஸுக்குப் போகலாம். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து செயல்படும் இது, முன்பிருந்த ஓ.எஃப்.எஸ். அமைப்பின் வேலையையும் ஏற்றுக்கொண்டது. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கேயும் கேட்பது ஆதாரத்தைத்தான்.

திருடனுக்கு வேலை வைக்காதீர்கள்

இரவில் காரை வெளிச்சமான இடத்தில் நிறுத்துங்கள். தோட்டப்புறச் சாலையோரத்தில் செம்பனை மரங்களின் நிழல் திருடனுக்கு வசதி. முடிந்தால் புகைக்குழாய் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். கன்வெர்ட்டரின் உறையில் காரின் பதிவு எண்ணைப் பொறிக்கச் சொல்லுங்கள்; எண் பொறித்த பாகத்தை வாங்குபவன் தயங்குவான். உயரமான வண்டி வைத்திருப்பவர்கள் அடியில் உலோகத் தகடு பொருத்தலாம். கார் சாய்ந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் உதவும். திருமண வீடு, கோயில் திருவிழா என்று வண்டிகள் வரிசையாக நிற்கும் இரவுகளில் ஒருவர் காவலுக்கு இருந்தால் இன்னும் நல்லது.

மாமா கோரிக்கையை மேற்கொண்டு தொடரவில்லை. ஆதாரம் இல்லை என்பதோடு, கணக்கும் அவருக்குப் பெரிதாக ஒன்றும் தரவில்லை. சில மாதம் வெறும் குழாயோடுதான் ஓட்டினார். பின்னிருக்கையில் பள்ளிக்கூடம் போன மகள், "தலை வலிக்குதுப்பா" என்று இரண்டாவது முறை சொன்னபோதுதான் பயந்துபோய் என்னை அழைத்தார். வீட்டுக் கூரைக்கு ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் ரசீதோடு புதிய கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டார். அதில் கார் எண்ணைப் பொறித்தும் விட்டார். அந்த மழைக்காலத்தில் கூரை ஒழுகியது.

முதல் நாள் காலையில் ஐந்து படங்கள் எடுத்து, நேராகப் போலீஸ் நிலையம் போயிருந்தால், கோருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையாவது அவர் கையில் இருந்திருக்கும். அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். அலமாரியில் இருக்கும் பாலிசியை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். பிறகு வாசலுக்குப் போய், கைப்பேசியை நீட்டி, உங்கள் காரின் அடிப்பகுதியைத் தேதியுடன் ஒரு படம் எடுத்து வையுங்கள்.